புல்லாங்குழல், நாதஸ்வரம் கற்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊதும் வாத்தியம் ஒன்றைக் கற்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் கர்நாடகப் புல்லாங்குழல் பற்றித்தான் பேசுகிறேன். நாதஸ்வரம், கிளாரினெட், சாக்ஸபோன் பற்றிய கேள்விகளும் இடையில் வரும்.

எந்த வாத்தியத்தில் தொடங்குவது?

உங்களுக்கு எதன் சத்தம் பிடிக்கிறதோ அதில். "முதலில் சுலபமான ஒன்றில் பழகிவிட்டு அப்புறம் நாதஸ்வரத்துக்குப் போகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அந்த வழி அவ்வளவு பலன் தராது. ஸ்வர ஞானமும் தாளமும் கூடவே வரும், ஆனால் வாய் வைக்கும் விதம் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வேறு. புல்லாங்குழலில் உங்கள் உதடுதான் காற்றைக் கூர்மையாக்கி விளிம்பில் மோதவிடுகிறது. நாதஸ்வரத்தில் இரட்டை நாணல் பட்டை உதடுகளுக்கு நடுவே அதிர்கிறது. கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் ஒற்றைப் பட்டை. ஒன்றில் பழகிய உதடு இன்னொன்றில் முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

செலவு, இடம், அக்கம்பக்கம் ஆகியவற்றைப் பார்த்தால் அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்குப் புல்லாங்குழல் தோதானது. சில நூறு ரூபாயிலிருந்தே பழகத் தகுந்த குழல் கிடைக்கும்.

திருவிழாக் கடையில் வாங்கிய குழலில் கற்கலாமா?

வேண்டாம். அதில் துளைகள் கண்ணளவில் போடப்பட்டவை, சுருதி சேராது. நீங்கள் சரியாக ஊதினாலும் தவறாகக் கேட்கும். எது உங்கள் பிழை, எது குழலின் பிழை என்று தெரியாமலே மாதங்கள் ஓடிவிடும்.

அப்படியானால் எந்தக் குழல்? கட்டை என்கிறார்களே, அது என்ன?

ஆதார ஷட்ஜம், அதாவது ஸ என்ற அடிப்படை ஸ்வரம், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் கட்டை என்கிறோம். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணிய பழக்கம் இது. மேற்கத்திய சி என்பது 1 கட்டை, டி என்பது 2, ஜி என்பது 5. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று போகும். கட்டை ஏற ஏறக் குழல் குட்டையாகும், துளைகள் நெருங்கி வரும். குட்டைக் குழலில் விரல் சுலபமாக எட்டும், மூச்சும் குறைவாகவே போதும். அதனால்தான் பல ஆசிரியர்கள் 5 கட்டையை ஒட்டிய குழலைக் கொடுத்துத் தொடங்கி வைக்கிறார்கள்.

முதலில் ஆசிரியரைப் பிடியுங்கள், பிறகு குழல் வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றியவர்கள் பலருடைய வீட்டு அலமாரியில் மூன்று குழல்கள் தூங்கிக்கொண்டிருக்கும். வகுப்பில் எல்லோரும் ஒரே கட்டையில் வாசிக்க வேண்டியிருக்கும். தவிர, ஒரு குழலில் மேல் ஸ்தாயி, அதாவது மேல் ஸவிலிருந்து தொடங்கும் ஸ்வரங்கள், சுத்தமாக வருகிறதா என்று ஊதிப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் விற்கும் குழல்களில் பெரும்பாலானவை ஹிந்துஸ்தானி பன்சூரி. அதில் விரல் வைக்கும் துளைகள் ஆறு. கர்நாடகக் குழலில் எட்டு. பன்சூரியில் முதல் மூன்று துளைகளை மூடினால் ஸ, நம்முடையதில் முதல் இரண்டை மூடினால் ஸ. டி என்று எழுதிய பன்சூரியை வாங்கி நம் முறையில் விரல் வைத்தால் ஷட்ஜம் ஒரு முழு ஸ்வரம் தள்ளி ஈயில் போய் நிற்கும். கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு ஊதினாலும் காற்றுதான் வருகிறது. என்ன தவறு செய்கிறேன்?

எல்லோருக்கும் முதல் சில நாட்கள் இப்படித்தான். காலி பாட்டிலின் வாயில் ஊதி "பூம்" என்று சத்தம் எழுப்பியிருப்பீர்கள் அல்லவா, அதே சங்கதிதான் இங்கும். காற்று துளைக்குள் போவதால் மட்டும் நாதம் வருவதில்லை. உதட்டிலிருந்து கிளம்பும் மெல்லிய காற்றுப் பட்டை துளையின் எதிர் விளிம்பில் மோதி, ஒரு கணம் உள்ளே, ஒரு கணம் வெளியே என்று மாறி மாறிப் பாய வேண்டும். அந்த ஊசலாட்டம்தான் குழலுக்குள் இருக்கும் காற்றை அதிர வைக்கிறது.

எல்லா விரலையும் எடுத்துவிட்டு, வாய் வைக்கும் துளையை மட்டும் கவனியுங்கள். அதற்கு முத்திரைத் துளை என்று பெயர். அதைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, துளையில் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோ உதடு மறைக்குமாறு குழலை உருட்டுங்கள். உதடுகளை இறுக்காமல் லேசாகச் சிரிப்பது போல் வைத்து, நடுவில் மட்டும் சின்ன இடைவெளி விடுங்கள். சத்தம் வராவிட்டால் அழுத்தி ஊதாதீர்கள். குழலை ஒரு மயிரிழை உள்ளே, ஒரு மயிரிழை வெளியே உருட்டிப் பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் நாதம் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி முன் நின்று செய்தால் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று நினைவில் நிற்கும்.

சத்தம் கரகரவென்று இருந்தால் உதட்டு இடைவெளி அதிகம். கீச்சென்று மேல் ஸ்தாயிக்குத் தாவினால் காற்றின் வேகம் அதிகம். மேல் உதட்டின் நடுவில் சின்ன முனை தொங்கும் சிலருக்குக் காற்று இரண்டாகப் பிரியும். அவர்கள் துளையைச் சற்று ஓரமாக வைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

ஊதினால் தலை சுற்றுகிறதே?

தேவைக்கு மேல் காற்றை வெளியேற்றுகிறீர்கள். உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடுங்கள், ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். நாதம் கூர்மையானதும் செலவாகும் காற்று குறையும், தலைச்சுற்றலும் போய்விடும். அதுவரை ஐந்து நிமிடம் ஊதினால் இரண்டு நிமிடம் ஓய்வு. அதற்குப் பிறகும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எட்டுத் துளை, பத்து விரல். எந்த விரல் எங்கே?

இடக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் தவிர மூன்று, வலக்கையில் கட்டைவிரல் தவிர நான்கு. ஆக ஏழு துளைகளை மூடுகிறோம். கடைசித் துளை பெரும்பாலும் திறந்தே இருக்கும். கட்டைவிரல்கள் குழலைத் தாங்குவதற்கு.

வாய்க்கு அருகே உள்ள இரண்டு துளைகளை மூடினால் ஸ. ஒன்றை மட்டும் மூடினால் சதுஸ்ருதி ரிஷபம் (ரி). எல்லாவற்றையும் திறந்தால் அந்தர காந்தாரம் (க). இதுவரை சுகம். அடுத்து மத்தியமம் (ம). திறப்பதற்கு இனித் துளை இல்லை. ஆகவே பெரும்பாலான துளைகளை ஒரே வீச்சில் மூடி, காற்றையும் சற்று முடுக்க வேண்டும். இந்த க–ம தாவல்தான் புதிதாகக் கற்பவரின் முதல் மலை. விரல்கள் ஒரே நேரத்தில் விழாவிட்டால் நடுவில் ஒரு அபஸ்வரம் எட்டிப் பார்க்கும். தினமும் க, ம, க, ம என்று மெதுவாக, இரண்டுக்கும் நடுவே வேறு எதுவும் கேட்காதவரை வாசிப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

துளையை விரல் நுனியால் குத்தாதீர்கள், விரலின் சதைப் பகுதியால் மூடுங்கள். எங்காவது காற்று கசிந்தால் கீழ் ஸ்வரங்கள் வரவே வராது. "கீழ் ஸ்தாயி வரவில்லை, மூச்சு போதவில்லை" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மூச்சில் கோளாறு இல்லை, மோதிர விரல்தான் சரியாக மூடவில்லை.

வாய்ப்பாட்டில் மாயாமாளவகௌளையில் தொடங்குகிறார்கள். குழலிலும் அதேதானா?

சில ஆசிரியர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த ராகத்தின் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் குழலில் பாதித் துளையில் பிறப்பவை. துளையை எவ்வளவு மூடுவது என்று காதுதான் சொல்ல வேண்டும், புதியவரின் காதோ அதற்கு இன்னும் பழகியிருக்காது. துளைகளை முழுசாகத் திறந்து மூடினாலே குழலில் கிடைப்பது ஹரிகாம்போஜி. அதனால் ஹரிகாம்போஜியிலோ, அதிலிருந்து மத்தியமமும் நிஷாதமும் நீங்கிய மோகனத்திலோ கொஞ்ச நாள் கை பழக்கிவிட்டு மாயாமாளவகௌளைக்கு வருவது நல்லது என்பது என் கட்சி. உங்கள் ஆசிரியர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

பிறகு வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, எப்படி வரும்?

விரலில். உதட்டையும் தலையையும் ஆட்டி வரவழைப்பது கமகம் அல்ல. துளையின் மேல் விரலைச் சற்றே விலக்கி, வழுக்கி, மறுபடி மூடும்போது ஒரு ஸ்வரம் அடுத்ததை நோக்கி இழையும். மூங்கிலில் சாவிகள் இல்லாததே நமக்கு வரம். மேற்கத்தியக் குழலில் துளைகளைச் சாவியின் மூடிகள் அடைப்பதால் இந்த வழுக்கல் கடினம்.

குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிறுத்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அந்த வழியைத் தொடர்ந்தார். அப்புறம் திருவிடைமருதூரில் 1926-இல் பிறந்த டி.ஆர்.மகாலிங்கம், எல்லோருக்கும் மாலி, வந்து வாசிப்பையே மாற்றினார். குழலைப் பிடிக்கும் விதம், விரல் வைக்கும் முறை எல்லாம் மாறின. வாய்ப்பாட்டில் கேட்கும் குழைவு மூங்கிலிலும் கேட்கத் தொடங்கியது. இன்று நீங்கள் கற்கும் விரல் முறையில் அவருடைய கை இருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய சீடர் என்.ரமணி நீளமான, தாழ்ந்த சுருதிக் குழலைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தவர். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் மாணவர் டி.விஸ்வநாதன் இன்னொரு கிளை. பாடலின் சாகித்யம் காதில் விழுவது போல் அவர் வாசிப்பார். இவர்களுடைய பதிவுகளைத் தேடி, ஒரே கீர்த்தனையை ஆளுக்கு ஆள் எப்படி வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். பத்து வகுப்புக்குச் சமம்.

மாலி தானாகவே குழல் கற்றார் என்கிறார்களே. நானும் யூடியூப் பார்த்துக் கற்கக் கூடாதா?

கற்கலாம், ஓரளவு. ஆனால் மாலி வெறுங்காட்டில் கற்கவில்லை. அவருடைய மாமா ஜால்ரா கோபால ஐயர் பாட்டு வகுப்பு நடத்தியவர். ஐந்து வயதிலிருந்து பையன் காதில் விழுந்ததெல்லாம் சங்கீதம். குழலுக்கு ஆசிரியர் இல்லை என்றாலும் பாட்டுக்கு இருந்தார்.

காணொளியில் விரல்களைப் பார்க்கலாம், உதட்டின் கோணத்தைத் திருத்திக்கொள்ள முடியாது. முதல் மூன்று மாதமாவது நேரில் ஒருவர் முன் ஊதுங்கள். அதற்கு மேல் ஆன்லைன் வகுப்பு போதுமானதாக இருக்கும். ஒரு சிக்கல்: இணைய அழைப்பில் நீள நாதத்தை மென்பொருள் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். செயலியின் அமைப்பில் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள்.

சினிமாப் பாட்டு எப்போது வாசிக்கலாம்?

இரண்டு ஸ்தாயியில் ஸ்வரங்கள் நிலையாக வந்ததும் தாராளமாக. இதில் ஆசாரம் பார்க்க வேண்டியதில்லை. தெரிந்த பாட்டை வாசிக்கும்போது தவறு உடனே காதில் படும், அது நல்ல பயிற்சி. ஆனால் எண்களைப் பார்த்து விரல் வைக்கும் தாளை நம்பாதீர்கள். பாட்டை முதலில் ஸ்வரமாகப் பாடிப் பாருங்கள். பாட வராததை ஊதவும் வராது.

எந்த வயதில் தொடங்கலாம்? 50 வயதில் முடியுமா?

குழந்தைகளுக்கு ஏழு, எட்டு வயதில் குட்டைக் குழலுக்கு விரல் எட்டும். அதற்கு முன் பாட்டு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். 50 வயதிலும் முடியும். நாதம் வருவதில் வயது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, விரல் வேகத்தில்தான் தெரியும். பெரியவர்கள் விட்டுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான்.

பல்லில் கம்பி போட்டால் சில வாரம் நாதம் தடுமாறும், பிறகு பழகிவிடும். பல்லில் கம்பி இருக்கும்போது புல்லாங்குழலைவிட, பட்டையைக் கடித்தாற்போல் பிடிக்கும் வாத்தியங்களில் தொந்தரவு அதிகம். ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குழல் ஊதினால் ஆஸ்துமா குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாக்ஸபோன் முழுக்கப் பித்தளை. அதை எப்படிப் புல்லாங்குழலோடு மரக்காற்று வாத்தியம் (woodwind) என்று சேர்க்கிறார்கள்?

உடல் எதனால் ஆனது என்பது கணக்கில்லை, சத்தம் எங்கே பிறக்கிறது என்பதுதான் கணக்கு. ட்ரம்பெட்டில் ஊதுபவரின் உதடே அதிர்கிறது, அதனால் அது வேறு கூட்டம். சாக்ஸபோனில் நாணல் பட்டை அதிர்கிறது. அடால்ஃப் சாக்ஸ் அதற்கு 1846-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மேற்கத்தியப் புல்லாங்குழலும் பெரும்பாலும் உலோகம்தான். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் குழல் செய்ய மூங்கில், சந்தனம், செங்காலி, கருங்காலியோடு வெண்கலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

கர்நாடக இசைக்குச் சாக்ஸபோன் ஒத்துவருமா என்ற சந்தேகத்தை மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத் (1949–2019) தீர்த்துவைத்துவிட்டார். கிளாரினெட்டுக்குத் திருச்சி ஏ.கே.சி.நடராஜன். இரண்டிலும் சாவிகளை வைத்துக்கொண்டு கமகம் வரவழைப்பது பெரும்பாடு. ராகம் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள்.

நாதஸ்வரம் கற்க வீட்டுப் பரம்பரை வேண்டுமா?

வேண்டியதில்லை, உடம்பும் பொறுமையும் வேண்டும். தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் கற்றுத் தருகிறார்கள். எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் சேரலாம். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இசைத்துறை உண்டு. இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குச் சொந்தமாகவே வலுவான நாதஸ்வர மரபு இருக்கிறது. அளவெட்டி என்.கே.பத்மநாதனை அங்கே தெரியாதவர் இல்லை.

பரம்பரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்மைதான்: கோயிலில் எந்த வேளைக்கு எந்த ராகம், புறப்பாட்டுக்கு மல்லாரி எப்படி என்பதெல்லாம் நடந்துகொண்டே காதில் ஏறிவிடும். வெளியிலிருந்து வருகிறவர் உற்சவத்தில் ஆசிரியர் பின்னால் நின்றுதான் அதைப் பெற வேண்டும். முன்பெல்லாம் மாணவன் முதலில் ஒத்து, அதாவது சுருதி மட்டும் கொடுக்கும் துணை வாத்தியம், ஊதுவான். ஒரே ஸ்வரத்தை, கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்சிழுத்து, அறுபடாமல் மணிக்கணக்கில் பிடிக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் சுருதி உடம்பில் ஊறிவிடும். இப்போது அந்த இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நாதஸ்வரம் எங்கே செய்கிறார்கள்? வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஆடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டை. ஊர்ப் பெயரோடு சேர்ந்து 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உடல் ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டு காய்ந்த உத்திரங்களைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். மேலே ஏழு விரல் துளைகள், கீழே மேலும் ஐந்து. அந்த ஐந்தும் விரல் வைப்பதற்கல்ல, மெழுகால் கொஞ்சம் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வதற்கு.

குட்டையாக, உச்சஸ்தாயியில் ஒலிப்பது திமிரி. நீளமாக, தாழ்ந்து கம்பீரமாக ஒலிப்பது பாரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பாரியை எடுத்தபின் எல்லோரும் அதற்கு மாறினார்கள். அவருக்காக அதைச் செம்மைப்படுத்தியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. இன்று வாங்குகிறவர் வாங்குவது பெரும்பாலும் பாரிதான்.

உண்மையில் நாயனத்தைவிடச் சீவாளிதான் முக்கியம். நாணலைப் பதப்படுத்திச் சீவிக் கட்டிய அந்தச் சின்னத் துண்டில்தான் நாதமே பிறக்கிறது. புதியவருக்கு மெல்லிய, இளகிய சீவாளி கேட்டு வாங்குங்கள். தடித்ததை வைத்துக்கொண்டு போராடினால் கன்னமும் கழுத்தும்தான் வலிக்கும். ஒன்றை மட்டும் வாங்கி வராதீர்கள். வித்வான்கள் சீவாளிக் கொத்தை நாயனத்திலேயே தொங்கவிட்டிருப்பது அழகுக்காக மட்டுமில்லை, கச்சேரி நடுவில் ஒன்று மக்கர் செய்தால் மாற்றுவதற்கு.

பெண்கள் நாதஸ்வரம் வாசிப்பதுண்டா?

உண்டு. மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாய் அந்தக் காலத்திலேயே மேடை கண்டவர். கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு சேர்ந்து வாசிக்கும் காலிஷாபி மகபூப்புக்கும் அந்தக் கணவருக்கும் 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கிடைத்தது. குழலில் சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணி, நீலா இருவரையும் சொல்லவே வேண்டாம். "பெண் பிள்ளைக்கு மூச்சு போதாது" என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில் சரியாக இருந்த சுருதி, ஏசி அரங்கில் இறங்கிவிடுகிறதே?

குழலின் தவறில்லை. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், அதனால் சுருதி இறங்கும். குழலுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்துவிடும். தம்பூராவுக்கு முன்னால் அது பட்டவர்த்தனமாகத் தெரியும். வாசிப்பதற்கு முன் துளைகளை மூடிக்கொண்டு உள்ளே வெதுவெதுப்பான மூச்சை விட்டுச் சூடாக்குங்கள். குழல் அரங்கின் குளிருக்குப் பழகிய பின்பே சுருதிப் பெட்டியை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் குழலை எப்படிப் பாதுகாப்பது?

மூன்று எதிரிகள்: வெயிலில் நிற்கும் கார், ஏசிக் காற்று நேராக வீசும் இடம், எறும்பு. காய்ந்தால் மூங்கில் நீளவாக்கில் வெடிக்கும். இரு முனையிலும் நூல் சுற்றியிருப்பது அதைத் தடுக்கத்தான், அவிழ்த்துவிடாதீர்கள். வாசித்து முடித்ததும் உள்ளே இருக்கும் ஈரத்தைத் துணி சுற்றிய குச்சியால் துடையுங்கள். எப்போதாவது துளி எண்ணெய் தடவலாம். ஊற வைக்கக் கூடாது, துளை விளிம்பில் பிசுக்குப் படிந்தால் நாதம் மங்கும். முனையை அடைத்திருக்கும் தக்கையை நகர்த்தாதீர்கள், ஸ்தாயிகளுக்கு இடையே சுருதி கலைந்துவிடும். சாப்பிட்டவுடன் வாய் கொப்பளிக்காமல் ஊதினால் எறும்பு வரும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தினமும் எவ்வளவு நேரம்? பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார்.

தொடக்கத்தில் பதினைந்து நிமிடமாக இரண்டு வேளை போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஊதுவதால் உதடு பழகாது. முதல் ஐந்து நிமிடம் ஒரே ஸ்வரத்தை, சுருதியோடு சேர்த்து நீளமாகப் பிடியுங்கள். மீதி நேரம் பாடம்.

அக்கம்பக்கத்துக்கு ஒரு வழி உண்டு. காலை ஆறு மணிக்குமுன் மேல் ஸ்தாயி வேண்டாம். அந்த நேரத்தில் ஊதாமலே விரல்களை மட்டும் ஓட்டலாம், பாடத்தை மெல்லப் பாடிக்கொண்டே. நாதஸ்வரக்காரர்களுக்கு இந்தச் சலுகை உதவாது. அவர்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் அனுமதி கேட்டுக்கொள்வதுதான் நல்லது, பல ஊர்களில் மறுக்க மாட்டார்கள்.